அடித்துவிடப்பட்ட மன்றாட்டு

"உலக அமைதிக்காக மன்றாடுவோம்" என்ற வரியை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் கோவிலில் ஞாயிறுதோறும் கேட்டு வருகிறேன். யாரும் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை. மறுக்க அதில் ஒன்றுமில்லை. எந்தப் போர், அதை யார் தொடங்கப் போகிறார்கள், நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று அது சொல்வதில்லை. வாசிக்கிறவர் வாசித்துவிட்டு இறங்குவார், நாங்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம், அடுத்து மழைக்கான மன்றாட்டு வரும். தர்மபுரி மாவட்டத்தில் மழைக்காக மன்றாடும்போது எல்லாருடைய குரலும் மாறிவிடும். வற்றிப்போன ஏரி, ஆயிரம் அடி துளைத்தும் புழுதி மட்டுமே வந்த ஆழ்துளைக் கிணறு, தண்ணீர் லாரிக்குக் கொடுத்த பணம் என்று அவரவர் மனத்தில் ஒன்று ஓடும். அமைதிக்கான மன்றாட்டில் எங்களுக்கு எதுவுமே ஓடியதில்லை. 2025 ஏப்ரல் கடைசியில் அந்த வரி கொஞ்சம் தெளிவாக வாசிக்கப்பட இருந்தது. வாசிக்கும் முன்பே அதை அடித்துவிட்டார்கள். கடவுளை நம்புகிறவர்கள் ஒரு போர் தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

அந்த வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல் 20 உயிர்ப்புப் பெருவிழா, அதாவது ஈஸ்டர். மறுநாள் திருத்தந்தை பிரான்சிஸ் இறந்தார். அதற்கு மறுநாள் காஷ்மீரின் பஹல்காமில் சுற்றுலா போயிருந்தவர்களைப் பயங்கரவாதிகள் சுட்டார்கள். 26 பேர் இறந்தார்கள். 26ஆம் தேதி சனிக்கிழமை உரோமையில் அடக்கம். ஒரு சேனலில் திருத்தந்தையின் எளிய மரப்பெட்டி, அடுத்த சேனலில் பதிலடி எப்போது என்ற விவாதம். மறுநாள் ஞாயிறு திருப்பலிப் பொறுப்பு எங்கள் அன்பியத்தினுடையது. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவைத்தான் அன்பியம் என்போம். மன்றாட்டுகளை எழுத வேண்டியது நான்.

எங்கள் அன்பியத்தில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் இல்லை. தோட்டத்துக் கூலிக்கும், சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் கம்பெனிக்கும் போய்ப் பிள்ளைகளை ஆளாக்கியவர். மூத்தவன் அக்னிவீர். விடியுமுன் எழுந்து 1,600 மீட்டர் ஓடிப் பழகிப் பட்டாளத்துக்குப் போனவன். நான்கு வருட வேலை. முடிந்ததும் நான்கில் ஒரு பங்குப் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்பது தெரிந்தே போனான், ஏனென்றால் ஓசூர் கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலியாக நிற்பதைவிட அது மேல் என்று வீட்டில் பட்டது. அப்போது அவன் ஜம்முப் பக்கம் இருந்தான். அக்கா சனிக்கிழமை சாயங்காலம் வந்து, "டீச்சர், போர் வரக்கூடாதுன்னு ஒண்ணு எழுதுங்க. எப்பவும் போல அமைதின்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றார்.

எழுதினேன். பஹல்காமில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு நீதி கிடைக்கவும், அந்த நீதியைப் போர் இல்லாத வழிகளில் தேடும் துணிவை நம் ஆட்சியாளர்கள் பெறவும், எல்லையில் நிற்கும் பிள்ளைகள் நலமாக வீடு திரும்பவும் மன்றாடுவோம் என்று. வழிபாட்டுக் குழுவின் பார்வைக்குப் போய், ஞாயிறு காலையில் தட்டச்சு செய்யப்பட்ட தாளாகத் திரும்பி வந்தபோது நடுப்பகுதி இல்லை. அந்த இடத்தில் "நம் வீரர்கள் எதிரிகளை முறியடித்து வெற்றிவாகை சூட" என்று இருந்தது.

அன்றைய நற்செய்தி, உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு எல்லா ஆண்டும் வாசிக்கும் அதே பகுதிதான். சீடர்கள் பயந்துபோய்க் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். இயேசு வந்து நின்று, "உங்களுக்கு அமைதி உரித்தாகுக" என்கிறார். ஒருமுறை அல்ல, அந்தப் பகுதியில் மூன்று முறை. மறையுரை முடிந்து அக்கா பீடத்துக்கு ஏறினார். முதல் மூன்று மன்றாட்டுகளையும் எழுத்துக் கூட்டி நிதானமாக வாசித்தார். நான்காவதில் நின்றார். கண்ணாடி சரியில்லையோ என்று பாடகர் குழுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அக்கா தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"ஆண்டவரே, எம்பையன் அங்க நிக்கிறான். அவன் பத்திரமா வரணும். அவனுக்கு எதுத்தாப்ல நிக்கிற பையனுக்கும் ஒரு அம்மா இருப்பா, அவனும் ஊடு போய்ச் சேரணும். செத்தவங்களுக்கு நியாயம் கெடைக்கணும். சண்டய ஆரம்பிக்காம அதுக்கு ஒரு வழிய பெரியவங்க பாக்கணும். அவங்ககிட்ட யாராச்சும் போய்ச் சொல்லணும் ஆண்டவரே."

வழக்கமாக இயந்திரம் போல வரும் பதில் அன்று வரவில்லை. முன்வரிசைப் பெண்கள் சிலர் சொன்னார்கள். பின்னால் ஆண்கள் பக்கம் பலர் வாயைத் திறக்கவில்லை. அருள்தந்தை சற்றுப் பொறுத்துத் தானே அந்தப் பதிலைச் சொல்லிவிட்டுக் காணிக்கைக்குப் போனார்.

ஒரு மன்றாட்டுக்குள் இத்தனை இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதில் ஒரு மகன் இருந்தான், எதிரே நிற்கும் இன்னொருத்தியின் மகனும் இருந்தான். கொல்லப்பட்டவர்கள் மறக்கப்படவில்லை. முடிவெடுக்கிறவர்கள் யாரோ சிலர்தான் என்பதும் அதில் இருந்தது. கடவுளிடம் சொல்லிவிட்டதோடு வேலை முடிந்தது என்று அக்கா நினைக்கவில்லை. யாராவது போய்ச் சொல்ல வேண்டும் என்பதைக் கடவுளிடமே கேட்டார்.

கோவிலுக்கு வெளியே

மதியத்துக்குள் எங்கள் பங்கின், அதாவது கோவில் சமூகத்தின், வாட்ஸ்அப் குழுவில் "பாகிஸ்தான்காரனுக்காகச் செபிக்கிறார்கள்" என்று ஒருவர் போட்டுவிட்டார். மாலைக்குள் அது ஊருக்குள் வேறு குழுக்களுக்கும் போயிருந்தது. அருள்தந்தை என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. "டீச்சர், அந்த அம்மா சொன்னதுல தப்பே இல்ல. ஆனா நம்ம சனம் கொஞ்சம். நாளைக்கு யாராவது கேட்டுல வந்து நின்னு கத்தினா நான் எல்லாருக்கும் பதில் சொல்லணும். இந்த நேரத்துல வேண்டாம்" என்றார். அவர் பயம் பொய்யான பயம் இல்லை. பஹல்காமில் கணவனைப் பறிகொடுத்த ஓர் இளம்பெண்ணே அமைதி வேண்டும் என்று சொன்னதற்காக இணையத்தில் வசைபாடப்பட்ட நாட்கள் அவை. அவளையே விடாதவர்கள் எங்களை விடுவார்களா?

அந்த வரியை மாற்றியவரும் என்னிடம் நேரில் பேசினார். பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், பங்குப் பேரவையில் இருப்பவர். "நான் பனியில நின்னவன். சண்டைக்குப் போறவன் மனசுல சந்தேகம் வரக்கூடாது. ஊர்ல நமக்காக வெற்றி கேட்டுச் செபிக்கிறாங்கன்னு நெனச்சாத்தான் கால் நிக்கும். நீங்க வேண்டாம்னு செபிக்கிறீங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றார். மேலோட்டமான பேச்சல்ல இது. எல்லையில் நின்ற கால்களின் பேச்சு. எனக்கு உடனே பதில் வரவில்லை.

ஆனால் நாட்பட யோசித்ததில் ஒன்று தெளிவானது. அவர் சொல்வது போர் தொடங்கிய பின் சிப்பாய்க்கு என்ன வேண்டும் என்பதைப் பற்றி. அக்கா கேட்டது போர் தொடங்கும் முன் ஆட்சியாளருக்கு யார் சொல்வது என்பதைப் பற்றி. முதலாவதற்கு ஆள் பஞ்சமே இல்லை. தொலைக்காட்சி, கட்சிகள், திரையுலகம், எல்லாம் இருக்கிறது. இரண்டாவதற்கு இருக்கும் நாட்கள் மிகக் குறைவு. அந்த நாட்களில் கோவில்கள் வாயை மூடிக்கொண்டால், குண்டுகள் விழுந்த பிறகு ஆறுதல் செபம் சொல்ல மட்டுமே நமக்கு இடம் மிஞ்சும்.

எங்கள் ஊரில் போரில் செத்தவர்களுக்கு நினைவு இல்லாமல் இல்லை. அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு வேடியப்பன் கோவில் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடுவது பெரும்பாலும் நடுகல்லைத்தான் என்பது நமக்குத் தெரியும். கையில் வில்லோ வாளோ பிடித்து நிற்கிற அந்த ஆள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த யாரோ ஒரு பையன். பல கற்களில் வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு, செத்தவன் யாருடைய சேவகன், எந்தத் தொறுவை (மாட்டு மந்தையை) மீட்டான் என்பதுவரை வெட்டியிருக்கிறார்கள். இவ்வளவு விவரமாக நினைவு வைத்திருக்கிற மண் இது. செத்த பிறகு பெயர் வெட்டத் தெரிந்த நமக்கு, உயிரோடிருக்கும்போதே அவன் பெயரைச் சொல்லி அனுப்பாதே என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஆயா அந்த வாரமே வேடியப்பனுக்குக் கோழி நேர்ந்துகொண்டார், அக்காவின் மகனுக்காக.

வாசல்வரை போனவர்கள்

அவ்வை தூது போன கதையைத் தகடூர்க்காரர்களுக்கு, அதாவது தர்மபுரிக்காரர்களுக்கு, நான் சொல்ல வேண்டியதில்லை. தகடூர் அதியமான் மேல் போருக்கு ஆயத்தமான தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலில் நின்று, உன் வேல்கள் நெய் பூசிப் பளபளக்கின்றன, எங்கள் அதியமானுடையவை குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வது போல் சொன்னவர். பாட்டைவிட எனக்கு முக்கியம், அவர் நேரே போனார் என்பது. பிற்காலத்தில் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தான் என்பதும் சேர்த்துத்தான் நம் வரலாறு. ஒரு தூது எல்லாப் போரையும் தடுத்துவிடாது.

அக்காவின் அந்தக் கடைசி வரிக்குப் பிறகு, நம்பிக்கையின் பெயரால் போரை எதிர்த்தவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2003இல் ஈராக் போருக்கு முன் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெறும் செபத்தோடு நிறுத்தவில்லை. கர்தினால் எச்செகரேயைப் பாக்தாத்துக்குச் சதாம் உசேனிடம் அனுப்பினார். கர்தினால் பியோ லாகியை வாஷிங்டனுக்குப் புஷ்ஷிடம் அனுப்பினார். லாகி புஷ்ஷைச் சந்தித்தது மார்ச் 5, அந்த ஆண்டின் சாம்பல் புதன். உலகக் கத்தோலிக்கர்களை அமைதிக்காக நோன்பிருக்கச் சொல்லியிருந்த அதே நாள். அதற்கு முன் பிப்ரவரி 15 அன்று உலக நகரங்களில் இலட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்திருந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் மார்ச் 20 அன்று குண்டு விழுந்தது. பிரான்சிஸும் அதே வழியில் போனவர். 2013 செப்டம்பரில் சிரியாவுக்காக நோன்பு அறிவித்தவர், அதே வாரம் ஜி-20 மாநாட்டை நடத்திய புதினுக்குக் கடிதம் எழுதினார். 2019இல் தென் சூடான் தலைவர்களை வத்திக்கானுக்கு அழைத்து, போருக்குத் திரும்பாதீர்கள் என்று கெஞ்சி மண்டியிட்டு அவர்கள் காலை முத்தமிட்டார். 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய மறுநாள் தானே ரஷ்யத் தூதரகத்துக்குப் போனார்.

ஆனால் திருத்தந்தைக்கு வாசல்கள் திறக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு எது வழி என்று பார்த்தபோதுதான் குவேக்கர்களிடம் வந்து நின்றேன். சின்னக் கிறிஸ்தவக் கூட்டம். எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று இங்கிலாந்து அரசன் இரண்டாம் சார்லசுக்கு அவர்கள் கொடுத்த அறிக்கை 1660ஆம் ஆண்டின் பெயரால் அறியப்படுகிறது. 1947இல் நோபல் அமைதிப் பரிசு அவர்களுடைய இரண்டு தொண்டு அமைப்புகளுக்குக் கிடைத்தது. என்னை ஈர்த்தது இரண்டும் அல்ல. 1943இல், இரண்டாம் உலகப் போரின் நடுவில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேடிப் போய்ப் பேசுவதற்கென்றே அவர்கள் வாஷிங்டனில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் வழிபாடு என்பதே மௌனமாகச் சேர்ந்து உட்கார்ந்திருப்பது. அப்படி உட்கார்ந்து எழுகிறவர்கள், தங்கள் தொகுதி உறுப்பினருக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள், நேரம் வாங்கிக்கொண்டு நான்கைந்து பேராகப் போய் எதிரில் உட்கார்ந்து பேசுகிறார்கள். 2013 ஆகஸ்ட் 31 அன்று, சிரியாவைத் தாக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதலைக் கேட்கப் போவதாக ஒபாமா அறிவித்தபோது, குவேக்கர்கள் மட்டுமல்ல, பல சபைகளைச் சேர்ந்தவர்களும் எந்தச் சபையையும் சேராதவர்களும் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு விடாமல் கூப்பிட்டார்கள். வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. இரசாயன ஆயுதங்களை ஒப்படைக்கும் ரஷ்யாவின் யோசனை வந்தது அதற்கொரு பெரிய காரணம். மக்களின் மறுப்பும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

தனியாக நிற்க வேண்டி வந்தால்? 2001 செப்டம்பர் 14 அன்று, இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்றாம் நாள், அமெரிக்கக் கீழவையில் படை நடவடிக்கைக்கு ஆதரவாக 420 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்தவர் ஒரே ஒருவர், பார்பரா லீ. அன்று பகலில் வாஷிங்டன் தேவாலயத்தில் நடந்த நினைவு வழிபாட்டில் ஒரு குருவானவர் செபித்த வரியைத்தான் அவர் அவையில் சொன்னார்: நாம் செயல்படும் வேளையில், நாம் வெறுக்கும் தீமையாகவே மாறிவிடாதிருப்போமாக. அதே செபத்தை அந்தக் கோவிலில் எத்தனையோ தலைவர்கள் கேட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு வாக்கெடுப்பு நடக்கும் இடம்வரை நடந்தவர் அவர்தான். கொலை மிரட்டல்கள் வந்து அவருக்குக் காவல் போட வேண்டியிருந்தது.

நம் பக்கத்து மனிதர் ஒருவரும் இந்த வரிசையில் இருக்கிறார். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. அவர் அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதவை நிறைய உண்டு. குலக்கல்வித் திட்டத்தை மறக்க முடியாது. ஆனாலும் 1962 செப்டம்பரில், 83ஆவது வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் போய், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று அதிபர் கென்னடியிடம் நேரில் கேட்ட அந்தக் காரியத்துக்காக அவரை வணங்குகிறேன். கீதையை விளக்கி எழுதிய மனிதர், போர்க்களத்தில் சொல்லப்பட்ட நூலைப் படித்துவிட்டு இதைக் கேட்கப் போனார். அவர் போய் வந்த அடுத்த மாதமே கியூபாவில் உலகம் அணுப்போரின் விளிம்புக்குப் போனது, இங்கே சீனப் படை எல்லை தாண்டியது. 1963 ஆகஸ்டில் வல்லரசுகள் அணுச்சோதனைகளைப் பகுதியளவு தடை செய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

அஞ்சலட்டைகள்

மே முதல் வாரம் எங்கள் அன்பியக் கூட்டம் அக்கா வீட்டில் நடந்தது. செபமாலை முடிந்ததும் அக்கா தகரப்பெட்டியிலிருந்து அஞ்சலட்டைகளை எடுத்தார். ஐம்பது பைசா அட்டை. அஞ்சலகத்தில் கேட்டபோது எதற்கு இவ்வளவு என்று கேட்டார்களாம். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் பிரதமருக்கும் அவரவர் கையெழுத்தில் எழுதினோம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள். என்ன எழுதுவது என்று நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. "எம்பேரன் அங்க இருக்கான். நீங்க அவன அனுப்புறதுக்கு முன்ன எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்" என்று ஒரு பாட்டி சொல்லச் சொல்ல ஏழாம் வகுப்புப் பையன் எழுதினான். பக்கத்து வீட்டு ஆயாவும் வந்து கைநாட்டு வைத்தார். சிலர் எழுதாமல் எழுந்து போனார்கள், பயந்துதான். அவர்களை யாரும் எதுவும் சொல்லவில்லை.

அட்டைகள் தில்லி போய்ச் சேருமுன்பே மே 7 அதிகாலையில் தாக்குதல் தொடங்கிவிட்டது. எல்லைக்கு அப்பாலிருந்து பதிலுக்கு வந்த குண்டு, பூஞ்ச் நகரத்தில் கத்தோலிக்கத் துறவிகள் நடத்தும் கிறைஸ்ட் பள்ளிக்குப் பின்னால் விழுந்து, அந்தப் பள்ளியில் படித்த இரண்டு பிள்ளைகளைக் கொன்றது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று என் வகுப்பில் என்னால் பாடம் எடுக்க முடியவில்லை. மே 8 இரவு, திருத்தந்தைத் தேர்வு முடிந்ததைச் சொல்லும் வெண்புகை. புதிய திருத்தந்தை பதினான்காம் லியோவின் முதல் வார்த்தையே அமைதி வாழ்த்து. மே 10 மாலை சண்டை நிறுத்தம். மறுநாள் ஞாயிறு அவர் வல்லரசுகளை நோக்கி இனி ஒருபோதும் போர் வேண்டாம் என்றார், இந்தியா பாகிஸ்தான் சண்டை நிறுத்தத்தை வரவேற்றார். அதற்குப் பின் எங்கள் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் சண்டை வேண்டாம் என்று பேசுவது தேசத்துரோகம் என்று யாரும் எழுதவில்லை. முன்பு அப்படி எழுதியவர்களே திருத்தந்தையின் படத்தைப் போட்டார்கள்.

எங்கள் அட்டைகளால் எதுவும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. குவேக்கர்கள் செய்ததை அப்படியே இங்கே செய்ய முடியாது என்பதும் புரிந்தது. அமெரிக்கச் சட்டத்தில் போரை அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு. அதனால் உறுப்பினரைக் கூப்பிட்டு வாக்களிக்காதே என்று கேட்க முடிகிறது. இங்கே போருக்குப் போகலாமா என்று நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு முடிவெடுக்கும். 1962இல் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, இளம் உறுப்பினர் வாஜ்பாய் கேட்டதை ஏற்று நேரு நவம்பர் 8 அன்று நாடாளுமன்றத்தைக் கூட்டினார். 2025இல் அனைத்துக் கட்சிக் கூட்டங்கள் நடந்தன. நாடாளுமன்றம் விவாதித்தது ஜூலை கடைசியில், எல்லாம் முடிந்து இரண்டரை மாதம் கழித்து.

அதனால் எங்கள் அடுத்த கடிதம் வேறு மாதிரி. படை நடவடிக்கைக்கு முன் நாடாளுமன்றத்தைக் கூட்டுங்கள், எங்கள் உறுப்பினர் எழுந்து எங்கள் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை பேச இடம் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. போர் எதுவும் வாசலில் நிற்காத நாட்களில் இதை எழுதுவதால் அருள்தந்தைக்கும் மறுப்பில்லை. பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள்தான் இனி அமைதிக்கான மன்றாட்டை எழுத வேண்டும், அதை யாரும் திருத்தக் கூடாது என்று பங்குப் பேரவையில் கேட்டிருக்கிறோம். ஓய்வுபெற்ற அவில்தார் அண்ணன் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. வெற்றிக்கான செபமும் கூடவே இருக்கட்டும் என்கிறார். ஆனால் கடித வரைவை வாங்கிப் படித்துவிட்டு, "எம்பிக்கு மட்டும் அனுப்பினா பத்தாது டீச்சர், பாதுகாப்பு நிலைக்குழுத் தலைவருக்கும் ஒரு காப்பி போடுங்க, பட்டாள விசயம் அங்கதான் பேசுவாங்க" என்று தன் கையாலேயே ஓரத்தில் குறித்துக் கொடுத்தார். அக்கா அதையும் சேர்க்கச் சொல்லிவிட்டார்.